கடைவாய்க் குறடு

அடுப்படியில் மக்காச்சோள மாவைப் பிசைந்துகொண்டிருந்த தஸ்லீமுக்கு, முன்னறையிலிருந்து லத்தீஃப் சிரிப்பது கேட்டது. மாவுக்குள் கை அப்படியே நின்றது. கட்டிய புருஷன் சிரித்து அவள் கேட்காதவள் இல்லை. கல்யாண வீட்டில் சிரிப்பான். சித்தப்பா மக்களோடு சீட்டாடும்போது சிரிப்பான். ஆனால் பட்டறையில் உட்கார்ந்து சிரிக்கிற ஆள் இல்லை அவன். அதுவும் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, வேலை மலைபோலத் தேங்கிக் கிடக்கிற நேரத்தில்.

"மாவு காயுதுடி" என்றாள் மாமியார். அவளை வீட்டில் எல்லோரும் பேபே என்றே கூப்பிடுவார்கள். முற்றத்தில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, இல்லாத வெயிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அங்க என்ன சிரிப்பு?"

"எனக்கென்ன தெரியும். என் புள்ள நாலு வயசுலதான் பேசவே ஆரம்பிச்சான். இப்ப நாப்பதுல மறுபடியும் ஆரம்பிச்சிருக்கான்போல."

சியால்கோட்டில் மார்கழிப் பனி இறங்கிவிட்டால் எதிர்வீட்டுக் கதவுகூடத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்பது காதுக்குத் தெரியும். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு வைஸ், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பட்டறைப் பிடி. ஒரு வீட்டில் கத்தரிக்கோல், இன்னொன்றில் ஊசி பிடிக்கும் இடுக்கி. லத்தீஃபின் வீட்டில் பல் பிடுங்கும் குறடு. குறட்டு வடிவில் அடித்த முரட்டு இரும்பு கம்பெனியிலிருந்து மூட்டையில் வரும். அதை ராவி, மூட்டுச் சேர்த்து, அலகு இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி அமைத்துத் திருப்பித் தரவேண்டும். அரம் உராயும் சத்தத்தை வைத்தே, லத்தீஃப் இன்று கோபமாக இருக்கிறானா சாந்தமாக இருக்கிறானா என்று தஸ்லீம் சொல்லிவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி அவளுக்குக் கிடைத்த தாக்கல் பெரும்பாலும் அந்தச் சத்தம்தான். மற்றபடி வாயைத் திறந்தால் உப்பு, தண்ணீர், கதவைச் சாத்து, இவ்வளவுதான்.

இப்போது அரம் உராய்ந்தது அவன் கையால் அல்ல. அவன் தம்பி அக்தரின் மனைவி ரிஃபத் உராய்ந்துகொண்டிருந்தாள்.

அது நடந்தது இப்படி. பெருநாளுக்கு முன்னால் கொடுக்கவேண்டிய வேலை நடுவழியில் இருக்கும்போது, பாலீஷ் சக்கரம் லத்தீஃபின் கையிலிருந்த குறட்டைப் பிடுங்கி எறிந்தது. பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சதை பிய்ந்து எலும்பு தெரிந்தது. தையல் போட்ட டாக்டர், கட்டுப் பிரிக்கும்வரை அந்தக் கையால் சோறுகூட அள்ளக் கூடாது என்றார். கம்பெனி மேஸ்திரி மிர்ஸா வந்து பார்த்தார். "லத்தீஃப், உன்மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா கப்பல் உன் விரலுக்காக நிக்காது. நாள் தப்பிச்சுன்னா இந்த வேலையே வேற தெருவுக்குப் போயிடும். அப்புறம் நான் கூப்பிட்டாலும் திரும்பி வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ரிஃபத், தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு கதவுப் பக்கத்தில் நின்று, "பாய்ஜி, நான் ஒண்ணு ராவிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

வஜீராபாத்துக்காரி. அங்கே கத்தி செய்கிற குடும்பம். கல்யாணமாகி வந்த ஒரு மாதத்தில் அக்தர் சவூதியில் தம்மாமுக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். அதன் பிறகு அவள் அந்த வீட்டில் நிழல்போல இருந்தாள். பாத்திரம் தேய்ப்பாள், பேபேக்குக் கால் பிடிப்பாள், வெள்ளிக்கிழமை அக்தர் பேசும் ஃபோனுக்காக மூலைக்கடைக்குப் போவாள். அவளுக்கு அரம் பிடிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

அவள் ராவிய முதல் குறட்டை லத்தீஃப் இடது கையால் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அலகுக்கு நடுவே தெரிந்த கீற்றைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "நல்லாருக்கு" என்றான்.

தஸ்லீம் அப்போது தேநீர்க் கிளாசோடு கதவருகே நின்றாள். அந்த ஒரு சொல் தன் காதுக்குள் போய் எங்கேயோ முள்ளாகக் குத்தியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். கடுகுக்கீரை கடைந்து, நெய் ஊற்றி, வெல்லத்தோடு அவன் முன்னால் வைத்த நாட்கள் எத்தனை. ஒருநாளும் நல்லாருக்கு என்று சொன்னதில்லை. தட்டைக் காலி செய்தால் நல்லாருந்தது என்று அவளே எடுத்துக்கொள்ளவேண்டியது.

இப்போது சிரிப்பு வேறு. மாவைத் தட்டால் மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைப் பக்கம் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. பேபே அதில் கண்டிப்பு: அண்ணனும் தம்பி மனைவியும் உட்கார்ந்து வேலை செய்தால் கதவு சாத்தக் கூடாது. கணப்புச் சட்டியில் கரி கனன்றது. வைஸுக்கு இந்தப் பக்கம் ரிஃபத், அந்தப் பக்கம் முக்காலியில் லத்தீஃப். ராவும்போது துணி முன்னால் விழுகிறதென்று ரிஃபத் அதைப் பின்கழுத்தில் முடிந்திருந்தாள். காதோரத்து முடியில் இரும்புத்தூள் மினுங்கியது. தஸ்லீம் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"அந்த ஆளு என்ன பண்ணினார் தெரியுமா பாய்ஜி, எங்க மாமா நெஞ்சுல முழங்கால வச்சு அமுக்கிட்டு, ரெண்டு கையாலயும் இழுத்தார். பல்லு வரல. எங்க மாமாதான் நாற்காலியோட வந்தார்."

லத்தீஃப் மறுபடி சிரித்தான். "இழுத்தா எப்படி வரும்? பல்லைப் பிடுங்கறதுன்னு சும்மா சொல்றோம். இழுக்கற வேலையே இல்ல இதுல. மொதல்ல உள்ள தள்ளணும். அலகு ரெண்டும் ஈறுக்கடியில போய் வேரைப் பிடிக்கணும். அப்புறம் கன்னத்துப் பக்கம் கொஞ்சம், நாக்குப் பக்கம் கொஞ்சம் ஆட்டணும். பொறுமையா ஆட்டினா எலும்பு தானா வழி விடும்."

"அதான் இந்தக் கூரா?"

"ஆமா. மேல்வரிசைக் கடைவாய்க்கு வெளிப்பக்கம் ரெண்டு வேரு. ரெண்டுக்கும் நடுவுல இந்தக் கூர் போய் உக்காரணும். அதனாலதான் வலது கன்னத்துக்கு ஒரு குறடு, இடது கன்னத்துக்கு ஒரு குறடு. மாத்திப் போட்டா கூர் அண்ணத்துப் பக்கம் போயிடும். அங்க ஒரே வேரு, கூருக்கு வேலையில்ல. வழுக்கிட்டு வரும்."

"பாவம், அதுக்குள்ள அந்தாளு வாயத் தொறந்துட்டு அல்லாவைக் கூப்பிட்டுட்டு இருப்பான்."

தஸ்லீம் கதவோரத்திலிருந்து, "ரொட்டி போடட்டுமா?" என்றாள்.

இருவரும் நிமிர்ந்தார்கள். ரிஃபத் சட்டென்று துணியை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டாள். லத்தீஃப் முகத்திலிருந்த சிரிப்பு, மழைக்குக் கடை சாத்துவதுபோலச் சாத்திக்கொண்டது.

"போடு" என்றான்.

சாப்பிடும்போது கேட்டாள். "என்ன அவ்வளவு சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. உப்பு குடு."

அன்றிலிருந்து தஸ்லீமுக்கு வேலை ஓடவில்லை. பெண்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போனபிறகு முற்றத்தைக் கூட்டுவாள், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டுவாள். முன்னறையில் அரம் நின்றால் இவள் கையும் நிற்கும். அரம் நின்றால் பேச்சு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அவன் ஆள் சரியில்லாதவன் என்றோ, அவள் கெட்டவள் என்றோ தஸ்லீம் நினைக்கவில்லை. அப்படி நினைக்க முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம், ஒப்பாரி வைத்திருக்கலாம். அவர்கள் பேசியது இரும்பைப் பற்றித்தான். அதுதான் அவளுக்குத் தாளவில்லை. அவனிடம் இத்தனை பேச்சு இருந்திருக்கிறது. தான் இத்தனை காலமும் வறண்ட கிணறு என்று நினைத்துக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்ட இடத்தில், நேற்று வந்தவள் வாளியை விட்டுத் தண்ணீர் சேந்துகிறாள்.

ஒருநாள் லத்தீஃப் கட்டு மாற்றப் போயிருந்தான். ரிஃபத் மத்தியானத்து லுஹர் தொழுகைக்கு உள்ளே போனாள். முன்னறை காலியாக இருந்தது. தேநீர்க் கிளாஸ்களை எடுக்கத்தான் தஸ்லீம் போனாள். வைஸில் ஒரு குறடு பூட்டியபடியே இருந்தது. பக்கத்தில் அரம்.

என்னதான் இருக்கிறது இதில் என்று எடுத்துப் பார்த்தாள். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது அரம். ரிஃபத் நிற்பதுபோல ஒரு காலை முன்வைத்து நின்று, அலகின் மேல் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். கீச்சென்றது. இன்னொன்று தள்ளினாள். இந்தமுறை நன்றாகக் கடித்தது, பொடி உதிர்ந்தது. அவளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. அப்போது பார்த்தால், கூரின் நுனி ஒரு பக்கம் சப்பையாகிவிட்டிருந்தது. அங்கேயே அரத்தைக் கீழே வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. மேலும் நாலைந்து இழுப்பு, நேராக, அழுத்தி இழுத்தாள். அந்த இழுப்புகள் வேலை பழகுவதற்காக இல்லை என்பது இழுக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. திட்டு வாங்கட்டும். ஒரு தரம், அவன் அவளைத் திட்டுவது என் காதில் விழட்டும்.

லத்தீஃப் வந்தான். தஸ்லீம் முற்றத்தில் பட்டாணி உரிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன இது? கூர் போயிருக்கு."

ரிஃபத் வாங்கிப் பார்த்திருப்பாள். அவள் அரம் எப்போதும் குறுக்கே போகும். இதில் கோடுகள் நேராக இருந்திருக்கும். அதைப் பார்த்தும் அவள் சொன்னாள்: "என் கைதான் பாய்ஜி. கவனம் தப்பிடுச்சு."

தஸ்லீம் உரிப்பதை நிறுத்தினாள். இப்போது வரும்.

"போகட்டும் விடு. பனியில விரல் மரத்துப்போகும், அது தெரியாமலே நடந்துடும். எனக்கும் நடந்திருக்கு. கொஞ்ச நேரம் நெருப்புல காட்டு."

கணப்புச் சட்டி தரையில் நகரும் சத்தம் கேட்டது. அவள் பக்கமாக நகர்த்துகிறான். உரித்த பட்டாணியும் தொலியும் தஸ்லீமின் மடியில் ஒன்றாகக் கலந்துபோயின.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூலைக்கடைக்காரர் தெருவில் நின்று, "அக்தர் லைன்ல இருக்கான்" என்று கூவினார். ரிஃபத்தின் கையெல்லாம் எண்ணெய். அண்ணி முறையில் தஸ்லீமைக் கூப்பிட்டாள். "பாபி, நீங்க போய் ஒரு நிமிஷம் பேசிட்டிருங்க. நான் கையக் கழுவிட்டு ஓடியாரேன்."

அந்த ஒரு நிமிஷம்தான்.

"எப்படி இருக்கே தம்பி? சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

"இருக்கேன் பாபி. அண்ணன் கை எப்படி இருக்கு? ரிஃபத் எங்க?"

"அவளுக்கென்ன. வேலையா இருக்கா. உங்க அண்ணனோட பட்டறையில உக்காந்துட்டா அவளுக்கு நேரம் போறதே தெரியறதில்ல. உன் ஃபோன் வர்ற நாளுகூட மறந்துபோச்சு."

"என்ன பாபி சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. சிரிக்கறாங்க, பேசறாங்க. என் வீட்டுக்காரர் இவ்வளவு பேசி நானே கேட்டதில்ல. தெருவுல நாலு பேரு நாலு விதமா இருப்பாங்க. நீ தூரத்துல இருக்கே."

ரிஃபத் ஈரக் கையோடு மூச்சிரைக்க வந்து ஃபோனை வாங்கினாள். தஸ்லீம் கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள். ரிஃபத் பேசியது துண்டுதுண்டாகத்தான் கேட்டது. "இல்ல", "யாரு சொன்னா", "குர்ஆன் மேல", அப்புறம் அதுவும் இல்லை. வெளியே வரும்போது அவள் முகம் கழுவிய தட்டுமாதிரி இருந்தது. தஸ்லீமை ஒரு பார்வை பார்த்தாள். "வீட்டுக்குப் போலாம் பாபி, பேபே தேடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அக்தர் வஜீராபாத்துக்கும் பேசியிருக்கிறான். மறுநாள் காலையே ரிஃபத்தின் அண்ணன் ஒரு வாடகை சுசூகி வண்டியோடு வந்து நின்றான். தேநீர்கூடக் குடிக்கவில்லை. "அக்தர் வர்ற வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும்னு அவர் சொல்றார். வந்து முடிவு பண்ணிக்கறாராம்."

"என்ன முடிவு? எதுக்கு முடிவு?" என்று பேபே எழுந்து நின்றாள். ரிஃபத் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பேபேயிடம் குனிந்து தலையில் கை வைக்கச் சொல்லி ஆசி வாங்கிக்கொண்டாள். முன்னறைப் பக்கம் திரும்பவில்லை. தஸ்லீமிடம், "அடுப்புல பால் வச்சிருக்கு பாபி, பாத்துக்கங்க" என்றாள். வண்டி பனிக்குள் போயிற்று.

லத்தீஃப் அக்தருக்கு ஃபோன் போட்டுப் பேசிவிட்டு வந்தபோது ஆள் பத்து வயது கூடியவன்போல இருந்தான். அடுப்படி வாசலில் நின்றான்.

"நீ அவன்கிட்ட பேசினியா?"

"ஒரு வார்த்தைதான் பேசினேன்."

"ஒரு வார்த்தை" என்று அவனும் சொன்னான். அதைக் கைமேல் வைத்து எடை பார்ப்பதுபோல நின்றுவிட்டு முன்னறைக்குப் போனான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். போர்வையை எடுத்துக்கொண்டு பட்டறையிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டான். உப்பு கேட்பதும் நின்றது. உப்பு குறைந்தால் குறைந்தபடியே சாப்பிட்டான்.

பேபே தனக்குள் பேசுவதுபோலத் தஸ்லீமுக்குக் கேட்கச் சொல்வாள்: "ஒருத்தி சம்சாரத்துக்குத் தீ வச்சுட்டு இன்னொருத்தி அதுல குளிர் காயறா. காயட்டும். நெருப்பு யாருது, வீடு யாருதுன்னு நெருப்புக்குத் தெரியாது."

தஸ்லீம் ஆசைப்பட்டபடி முன்னறையில் இப்போது சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. அரம் மட்டும் கேட்டது, நொண்டி நொண்டி. ஒரு காலையில் தேநீர் கொண்டுபோனாள். கட்டைப் பிரித்து எறிந்துவிட்டு, தையல் போட்ட விரல்களால் அரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரும்பில் ரத்தம். துடைக்கிறான், ராவுகிறான், மறுபடி துடைக்கிறான். முகத்தில் வலி தெரியவில்லை, பிடிவாதம்தான் தெரிந்தது.

"கை போயிடும்" என்றாள்.

அவன் அடுத்த குறட்டை எடுத்தான். மிர்ஸா வந்து, முடிந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்து, சிலதை ஒதுக்கி வைத்தார். "இது உன் வேலை மாதிரியே இல்லையே லத்தீஃப்" என்றார், தாழ்ந்த குரலில். லத்தீஃப் தலையைக் குனிந்துகொண்டான். யார் முன்னாலும் அவன் அப்படிக் குனிந்து தஸ்லீம் பார்த்ததில்லை. அவளுக்குப் பரிதாபம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இத்தனை ரத்தத்துக்கும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டான், போய்ச் சரிபண்ணு என்று சொல்லமாட்டான். ரிஃபத்துக்காக இப்படி ஊமையாக இருக்கிறானா, என்மேல் உள்ள வெறுப்பில் இருக்கிறானா?

மிர்ஸா போனதும் தஸ்லீம் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூலைக்கடைக்குப் போனாள். கடைக்காரரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு தம்மாமுக்குப் பேசினாள்.

"நான் அன்னிக்குச் சொன்னது எதுவும் சரியில்ல தம்பி. அவங்க நடுவுல தப்பா ஒண்ணும் கிடையாது. கதவு தொறந்தே இருந்துச்சு. பேபே முற்றத்துலதான் இருந்தாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது, சொல்லிட்டேன்."

"அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க. இன்னிக்கும் நீங்கதான் சொல்றீங்க. நான் எதை நம்பறது?"

"அன்னிக்குச் சொன்னதுல அசிங்கம் அவளுக்கு. இன்னிக்குச் சொல்றதுல அசிங்கம் எனக்கு. யாராவது தன் மூஞ்சியில தானே கரி பூசிக்கப் பொய் சொல்லுவாங்களா? இதை நம்பு."

"என் அண்ணனை நான் சந்தேகப்பட வச்சீங்களே பாபி" என்றான். குரல் உடைந்திருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "அவகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க நேர்ல போங்க. போய் அவகிட்டயும் இதைச் சொல்லுங்க."

வஜீராபாத் பஸ்ஸில் தஸ்லீம் தனியாக அதற்குமுன் போனதில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பனிக்குள்ளிருந்து திடீர் திடீரென்று முளைத்தன. பக்கத்து இருக்கைக்காரி கிச்சிலிப்பழம் உரித்துச் சுளை நீட்டினாள். வாங்கிக்கொண்டு தின்ன மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

ரிஃபத் பிறந்த வீட்டுக் கூடத்தில் கத்திப்பிடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து கட்டிக்கொள்ளவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கட்டிலைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

"அக்தர் பேசிட்டார்" என்றாள். "கோவம் இறங்கிடுச்சு. வசந்தத்துல வர்றாராம்."

"அந்தக் குறட்டையும் நான்தான் கெடுத்தேன்."

"தெரியும் பாபி."

"தெரிஞ்சும் ஏன் உன்மேல போட்டுக்கிட்டே?"

ரிஃபத் ஒரு கத்திப்பிடியை எடுத்து ஒதுக்கி வைத்தாள். "உங்களைச் சொன்னா பாய்ஜி உங்களைத் திட்டுவார். திட்டிட்டு உங்ககிட்ட வந்து உக்காந்து சமாதானம் பேசுவாரோன்னு இருந்துச்சு."

தஸ்லீம் நிமிர்ந்து பார்த்தாள். ரிஃபத் பார்வையை விலக்கவில்லை.

"நீங்க அக்தர்கிட்ட சொன்னது முழுப்பொய் இல்ல பாபி. அல்லா சத்தியமா கெட்ட எண்ணம் எனக்கில்ல, அவருக்கும் இல்ல. ஆனா ஒரு மனுஷன் என் கையப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னார். நான் சொன்னதுக்குச் சிரிச்சார். காலையில எந்திரிக்கறப்பவே இன்னிக்கு என்ன பேசலாம்னு தோணும். எனக்குக் கல்யாணமாகி ஒரு மாசம்தான் புருஷன் கூட இருந்தேன். அதுல அவரும் விசா, பாஸ்போர்ட்னு அலைஞ்சதுதான். அதனால நான் அங்க வரல. அக்தர் வந்தப்புறம் வர்றேன்."

"அப்ப வேலை?"

"இங்க அனுப்புங்க. அரம் இருக்கு, வைஸ் இருக்கு. கூர் பாக்கத் தெரிஞ்ச கண்ணும் இருக்கு. யாரு கொண்டு வர்றது, கொண்டு போறதுன்னுதான் நீங்க பாக்கணும்."

யார் கொண்டுபோவது. லத்தீஃப் போக முடியாது. வெளியாளிடம் கம்பெனி இரும்பைக் கொடுக்க முடியாது. ஆக, சாக்குப்பையில் துணி சுற்றிய குறடுகளோடு பஸ் ஏறியது தஸ்லீம்தான்.

லத்தீஃபுக்கு வேறு வழியில்லை, அவளிடம் பேசவேண்டியதாயிற்று. முதல்நாள் சுருக்கமாக ஆரம்பித்தான். "இதெல்லாம் வலது. இதெல்லாம் இடது. மாத்திடாதே." ஆனால் அது போதவில்லை. மறுநாள் ஒரு குறட்டை எடுத்து அவள் கையிலேயே வைத்தான். "இங்க தொட்டுப் பாரு. அலகு ரெண்டும் நுனியில தொடணும், நடுவுல காத்து போகணும். நடுவுல தொட்டுச்சுன்னா பல்லோட தலை நசுங்கும், வேரு உள்ளயே நின்னுடும். அவகிட்ட இதைச் சொல்லு." அவள் தொட்டுப் பார்த்தாள். "மூட்டைத் தொறந்து மூடு. நடுவுல எங்கயாவது பிடிக்குதா? பிடிக்கக் கூடாது. எண்ணெயில கத்தி இறங்கற மாதிரி இருக்கணும். சொல்லு அவகிட்ட."

போகப்போகப் பேச்சு நீண்டது. காலையில் பஸ்ஸுக்கு முன்னால் அவள் முக்காலிக்கு எதிரே உட்காருவாள். அவன் இடது கையால் காட்டிக்காட்டிச் சொல்வான். அலகின் உள்பக்கத்து வரிகள் ஏன் குறுக்கே போகவேண்டும், கைப்பிடி ஏன் டாக்டரின் உள்ளங்கையைப் பார்த்து வளையவேண்டும், எல்லாம். இத்தனை காலமும் எதற்காக ஏங்கினாளோ அது இப்போது அவள் முகத்துக்கு நேரே, நாள் தவறாமல் வந்தது. ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் மட்டும், "சொல்லு அவகிட்ட." பஸ்ஸில் அவள் அந்தப் பேச்சையெல்லாம் உதடு அசையத் திரும்பத்திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள், ஒன்றும் விட்டுப்போகாமல். பாதி வழியில் அழுகை வரும். யாருக்கு வந்த தபாலையோ தபால்காரி பிரித்துப் படிப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

வேலை நாளுக்குள் முடிந்துவிடும் என்று தெரிந்தது. மிர்ஸா வந்து, ரிஃபத் ராவிய மூட்டையைப் பிரித்து, ஒன்றைக்கூட ஒதுக்காமல் மடித்து வைத்தார். அவர் போனபின் லத்தீஃப் ஒரு குறட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். தஸ்லீம் கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரி ஒரு கைய நான் பாத்ததில்ல" என்றான். "இந்தத் தெருவுலயே கிடையாது. அவகிட்ட சொல்லு."

வஜீராபாத் வரும்வரை அந்த வாக்கியம் அவள் மார்பில் நெருப்புத்துண்டாகக் கிடந்தது. வாயைத் திறந்தால் பறந்துவிடும், திறக்காவிட்டால் சுடும்.

ரிஃபத் பையை அவிழ்த்தாள். "போன தடவை அனுப்பினதுக்கு என்ன சொன்னார்?"

"மூட்டு பிடிக்குதாம்" என்றாள் தஸ்லீம். "நடுவுல."

ரிஃபத்தின் முகம் சுருங்கியது. தன்னிடம் மிச்சமிருந்த, அதே மூட்டையில் முடித்த ஒரு குறட்டை எடுத்துக் காதருகே வைத்துத் திறந்தாள், மூடினாள். மறுபடி மெதுவாகத் திறந்து மூடினாள். கீழே வைத்தாள்.

"பிடிக்கல பாபி. அவர் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார்."

கூடத்தில் யாரோ சாணைக்கல்லைச் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தஸ்லீம் தன் கைகளைப் பார்த்தாள். பஸ்ஸில் தூக்கித்தூக்கிச் சாக்குக் கயிறு அறுத்த தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது.

"இந்த மாதிரி ஒரு கைய அவர் பாத்ததில்லயாம்" என்றாள். "இந்தத் தெருவுலயே கிடையாதாம். அதான் சொன்னார். சொல்லச் சொன்னார்."

ரிஃபத் சிரிக்கவில்லை. காதோரம் மட்டும் சிவந்தது. தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, வைஸில் அடுத்த குறட்டைப் பூட்டினாள். பூட்டிவிட்டுச் சொன்னாள்: "இனிமே வேலைக்கு வேண்டியதை மட்டும் கொண்டு வாங்க பாபி. இந்த மாதிரிச் சொன்னா எனக்குக் கொண்டு வராதீங்க. நீங்களே வச்சுக்கங்க."

சாயங்காலம் வீடு திரும்பியபோது பேபே அடுப்புக்கு முன்னால் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள், தனக்கு ஓரெழுத்தும் தெரியாமலே. தஸ்லீம் ரொட்டி சுட்டு, கீரையும் வெல்லமும் வைத்துத் தட்டை முன்னறைக்குக் கொண்டுபோனாள்.

"சொன்னியா?" என்று கேட்டான் லத்தீஃப்.

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

தஸ்லீம் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கத்தில் வைத்தாள். "மெல்லிசு அரம் ரெண்டு வேணுமாம். அவகிட்ட இருக்கறது தேஞ்சுபோச்சாம்."

அவன் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியை நிறுத்தினான். அவள் முகத்தில் எதையோ தேடினான். கிடைத்ததோ இல்லையோ, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "மெல்லிசுன்னா எது?" என்றான். "மெல்லிசுலயே மூணு ரகம் இருக்கு. ஒண்ணு நுனிக்கு, ஒண்ணு வரி போடறதுக்கு..." என்று ஆரம்பித்தான். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த அரங்களை ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்துக் காட்டத் தொடங்கினான்.

யாருக்காக அந்தப் பேச்சு என்று தஸ்லீமுக்குத் தெரியும். கீரை ஆறிக்கொண்டிருந்தது. அவள் முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டாள்.